கொலை வழக்கில் ஓடியவர் வரைந்த வெளிச்சம்: விஆர் உலகம் கரவாஜியோவிடம் கற்பது என்ன?

விஆர் ஹெட்செட்டை மாட்டியவுடன் டிசைனர்களுக்கு ஒரு சிக்கல் வந்துவிடும். சினிமா என்றால் கேமரா காட்டுவதைத்தான் நாம் பார்த்தாக வேண்டும். விஆர்ல அப்படி இல்லை. மேலே, கீழே, பின்னால் என எங்கே வேணும்னாலும் திரும்பலாம். அப்போ, முக்கியமான காட்சியை எப்படிப் பார்க்க வைப்பது?

டிசைனர்களின் கையில் இருக்கும் முக்கியமான கருவி, வெளிச்சம். இதற்கான பாடத்தைத் தேடிப் போனால், 400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் இத்தாலிய ஓவியரிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அவர்தான் கரவாஜியோ. பெரும் கலைஞர், அதே நேரம் கொலை வழக்கில் தலைமறைவாகத் திரிந்தவர்.

யார் இந்த கரவாஜியோ?

இயற்பெயர் மைக்கேலாஞ்சலோ மெரிசி. 1571-ல் பிறந்தார். கரவாஜியோ என்பது மிலன் அருகே உள்ள அவரது குடும்பத்தின் ஊர். ஆறு வயதிலேயே பிளேக் நோய்க்கு அப்பாவைப் பறிகொடுத்தார். 1584-ல் மிலனில் சிமோனே பீட்டர்சானோ என்ற ஓவியரிடம் தொழில் பழகச் சேர்ந்தார்.

இருபதுகளின் தொடக்கத்தில் ரோம் நகருக்கு வந்தபோது கையில் காசு இல்லை. இன்னொருவரின் பட்டறையில் பூவும் பழமும் வரைந்து பிழைத்தார். பிறகு கர்தினால் டெல் மோன்டே அவரைத் தன் மாளிகையில் தங்க வைத்து ஆதரித்தார். அதன் பிறகுதான் கதை மாறியது.

ஜன்னல் வெளிச்சத்தோடு சேர்ந்த ஓவியம்

1599-ல் ரோமின் சான் லூயிஜி தேவாலயத்தில் உள்ள ஒரு சிற்றாலயத்துக்கு ஓவியம் வரையும் வேலை கிடைத்தது. அதில் ஒன்றுதான் மத்தேயுவை இயேசு அழைக்கும் காட்சி. வரி வசூலிப்பவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து காசு எண்ணுகிறார்கள். வலப்பக்கம் நிழலில் நிற்கும் இயேசு கை நீட்டுகிறார். அவர் தலைக்கு மேலாக வரும் வெளிச்சம் சுவரில் சாய்வாக விழுந்து மேஜையில் இருப்பவர்களின் முகங்களைத் தொடுகிறது. நம் கண்ணும் அதே வழியில்தான் போகும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கு. அந்த ஓவியம் மாட்டப்பட்டிருப்பது சிற்றாலயத்தின் இடப்பக்கச் சுவரில். நிஜ ஜன்னல் இருப்பது பலிபீடத்துக்கு மேலே, அதாவது ஓவியத்துக்கு வலப்பக்கம். எதிர்ச்சுவரில் உள்ள ஓவியத்தில் வெளிச்சம் இடமிருந்து வரும். இரண்டு ஓவியங்களுமே நிஜ ஜன்னலின் திசையை ஒட்டி வரையப்பட்டவை. அதனால் வரைந்த வெளிச்சமும் உண்மை வெளிச்சமும் ஒன்றுபோலத் தெரிகின்றன.

தெருவில் இருந்து வந்த புனிதர்கள்

பழுப்பு, கருமை கலந்த அடிப்பூச்சில் தொடங்கி, தேவைப்படும் இடத்தில் மட்டும் ஒளியைச் சேர்ப்பது அவர் பாணி. அழகுபடுத்திய முகங்கள் அவருக்கு வேண்டாம். சாதாரண மனிதர்களையே மாடலாக நிற்க வைத்தார். அழுக்குக் கால்களோடும் கந்தல் துணியோடும் புனிதர்கள் வந்து நின்றார்கள். சிலருக்கு இது பிடிக்கவில்லை. இறந்த மரியாளை வீங்கிய உடலோடு வரைந்த ஓவியத்தை, எந்தத் தேவாலயத்துக்காக வரையப்பட்டதோ அந்தத் தேவாலயமே வேண்டாம் என்றுவிட்டது. இன்று அது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1606: வாழ்க்கையைப் புரட்டிப் போட்ட சண்டை

ஓவியத்தில் எவ்வளவு கட்டுப்பாடோ, வாழ்க்கையில் அவ்வளவு அடிதடி. அனுமதியில்லாமல் வாள் வைத்திருந்தது, சண்டை, அவதூறு என வழக்குகள் சேர்ந்தன. 1606 மே மாதம் நடந்த சண்டையில் ரனுச்சியோ தொமாசோனி என்பவர் கரவாஜியோவின் வாளுக்குப் பலியானார். கரவாஜியோவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவரோ ரோமை விட்டு ஓடிவிட்டார்.

நேப்பிள்ஸ் வழியாக மால்டாவுக்குப் போனார். அங்கே 1608-ல் வீரர் பட்டமே கிடைத்தது. யோவானின் தலை வெட்டப்படும் பிரமாண்ட ஓவியத்தை வரைந்து, அதில் வழியும் ரத்தத்திலேயே தன் பெயரை எழுதினார். அவர் கையெழுத்திட்டதாக நமக்குத் தெரிந்த ஒரே ஓவியம் அதுதான். சில மாதங்களிலேயே மீண்டும் சண்டை, சிறை, தப்பியோட்டம். பட்டமும் பறிபோனது.

மன்னிப்பு கிடைக்கும் என்று நம்பி ரோம் நோக்கிக் கிளம்பியவர், 1610 ஜூலையில் வழியிலேயே போர்ட்டோ எர்கோலேவில் இறந்தார். அப்போது வயது 38. பிறகு அவர் பெயர் மெல்ல மங்கியது. 1951-ல் மிலனில் ராபர்டோ லாங்கி நடத்திய கண்காட்சிதான் மக்களிடம் அவரை மறுபடி கொண்டு சேர்த்தது.

விஆர்ல இது எப்படி வேலை செய்யுது?

முதலாவது, பார்வையை இழுப்பது. சுற்றுப்புறத்தை மங்கலாக்கி, கதவின் மீதோ ஒரு முகத்தின் மீதோ மட்டும் வெளிச்சம் விழச் செய்தால், அம்புக்குறி இல்லாமலே கண் அங்கே போகும்.

இரண்டாவது, கனம். நிழல் விழாத நாற்காலி மிதப்பது போலத் தெரியும். கால் தரையைத் தொடும் இடத்தில் சின்ன நிழல் வந்தால் போதும், மூளை நம்பிவிடும்.

மூன்றாவது, திசை. நம் நிஜ அறைக்குள் கற்பனைப் பொருளைக் காட்டும் தொழில்நுட்பத்தில், அறையின் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கணித்து, அதற்கேற்ப நிழல் போடுகிறார்கள். சான் லூயிஜி சுவரில் கரவாஜியோ செய்ததும் இதே வேலைதான்.

ஆனால் அப்படியே காப்பி அடிக்க முடியாது. ஓவியத்தை ஒரு பக்கமிருந்துதான் பார்ப்போம். விஆர்ல ஆள் நடந்து பின்பக்கம் போய்ப் பார்ப்பார். எங்கிருந்து பார்த்தாலும் வெளிச்சம் பொருந்த வேண்டும். அதுவும் இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படமாக, விநாடிக்கு 72, 90 முறை என்ற வேகத்தில். நகரும் நிழல்கள் இதில் பெரிய சுமை. அதனால் அசையாத பொருட்களின் ஒளி, நிழலை முன்பே கணக்கிட்டுப் பதிந்து வைப்பது வழக்கம். இருட்டு அதிகமானால் ஆள் வழி தெரியாமல் தடுமாறவும் கூடும். அதனால் தரையும் சுவர் ஓரங்களும் லேசாகத் தெரியும்படி கொஞ்சம் ஒளியை விட்டு வைக்க வேண்டும்.