இரு வல்லரசுகளுக்கு இடையே கிருஷ்ண மேனன்

புது தில்லி: இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் உலக நாடுகளை இரு முகாம்களாகப் பிரித்து நிறுத்தியபோது, எந்த முகாமிலும் சேர மறுத்த இந்தியாவின் குரலாக ஐக்கிய நாடுகள் சபையில் ஒலித்தவர் வி.கே. கிருஷ்ண மேனன். கொரியாவில் போர் ஓய வழிகாட்டிய அவர், இந்திய எல்லையில் மூண்ட போரில் பாதுகாப்பு அமைச்சர் பதவியை இழந்தார். அணிசேராக் கொள்கை ஈட்டித் தந்த மதிப்பையும், அதற்காகக் கொடுக்க நேர்ந்த விலையையும் ஒருசேரக் காட்டுகிறது அவரது வாழ்க்கை.

சென்னையிலிருந்து லண்டனுக்கு: அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் பகுதியில் 1896-ல் பிறந்தார் மேனன். சென்னை மாநிலக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்ற நாள்களில் அன்னி பெசன்ட் அம்மையாரின் தன்னாட்சி இயக்கத்தில் ஈடுபாடு கொண்டார். 1924-ல் இங்கிலாந்து சென்றவர், லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் பேராசிரியர் ஹெரால்டு லாஸ்கியின் மாணவரானார். இந்தியா லீக் அமைப்பின் செயலராக, இந்திய விடுதலைக்கு பிரிட்டிஷ் தொழிற்கட்சியினரிடமும் அறிஞர்களிடமும் ஆதரவு திரட்டினார். 1934 முதல் 1947 வரை லண்டனின் செயின்ட் பான்க்ரஸ் நகர மன்ற உறுப்பினராகவும் இருந்தார். சாமானியர்களுக்கான மலிவு விலை அறிவு நூல் வரிசையாக 1937-ல் தொடங்கப்பட்ட பெலிகன் நூல்களின் ஆசிரியர்களில் அவரும் ஒருவர்.

கம்யூனிஸ்டுகளுடன் தொடர்புடையவர் என்ற சந்தேகம் அப்போதே அவரைச் சூழ்ந்தது. டண்டீ தொகுதியில் தொழிற்கட்சியின் நாடாளுமன்ற வேட்பாளராகும் வாய்ப்பு 1940-ல் அதனால்தான் கை நழுவியது. பிரிட்டிஷ் உளவுத் துறையும் அவரைத் தொடர்ந்து கண்காணித்து வந்தது. 1947-ல் சுதந்திர இந்தியாவின் முதல் தூதராக லண்டனில் பொறுப்பேற்ற பின்னும் அந்தக் கண்காணிப்பு ஓயவில்லை. 2007-ல் வெளியான ஆவணங்கள் இதை உறுதி செய்தன.

கொரியப் போரும் கைதிகளும்: 1950-ல் தொடங்கிய கொரியப் போரில் இரு தரப்பும் களைத்துப்போன பிறகும் சமரசம் ஏற்படவில்லை. போர்க் கைதிகள் விவகாரமே முட்டுக்கட்டையாக நின்றது. கைதிகள் அனைவரையும் திருப்பி அனுப்ப வேண்டும் என்றன சீனாவும் வட கொரியாவும். நாடு திரும்ப விரும்பாதவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது அமெரிக்கா. ஐ.நா. பொதுச் சபையில் இந்தியப் பிரதிநிதியாக இருந்த மேனன் இதற்கொரு வழி கண்டார். எந்தக் கைதியையும் பலவந்தமாக அனுப்பவோ தடுத்து வைக்கவோ கூடாது. நடுநிலை நாடுகளின் ஆணையம் ஒன்று அவர்களைப் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அவரது திட்டம்.

தொடக்கத்தில் இது இரு வல்லரசுகளுக்குமே கசந்தது. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் அச்சிசன் தயங்கினார். பிரிட்டனும் கனடாவும் திட்டத்துக்குத் துணை நின்றன. சோவியத் பிரதிநிதி விஷின்ஸ்கி கடுமையாகச் சாடினார். 1952 டிசம்பர் 3-ல் தீர்மானம் 54 வாக்குகளுடன் நிறைவேறியது; எதிர்த்து விழுந்த 5 வாக்குகளும் சோவியத் அணியுடையவை. சீனாவும் அப்போது அதை நிராகரித்தது. ஆனால் 1953 மார்ச்சில் ஸ்டாலின் மறைந்த பின் நிலைமை மாறியது. ஜூலை 27-ல் கையெழுத்தான போர்நிறுத்தத்தில் கைதிகள் குறித்த ஏற்பாடு, பெரும்பாலும் இந்தியத் திட்டத்தைத் தழுவியே அமைந்தது. நடுநிலை ஆணையத்துக்கு ஜெனரல் திம்மய்யா தலைமை ஏற்றார். நாடு திரும்ப மறுத்த 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளை இந்தியப் படையினர் காவல் காத்தனர். அதே ஆண்டில் சென்னை மாநிலத்திலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்வானார் மேனன்.

சூயஸும் ஹங்கேரியும்: 1956-ன் இறுதி மாதங்கள் அவரது நடுநிலைக்குக் கடும் சோதனையாக அமைந்தன. சூயஸ் கால்வாயை எகிப்து நாட்டுடைமையாக்கியபோது, லண்டன் மாநாட்டில் எகிப்தின் உரிமையைக் காக்கும் மாற்றுத் திட்டத்தை மேனன் முன்வைத்தார். பின்னர் பிரிட்டனும் பிரான்ஸும் இஸ்ரேலும் எகிப்தைத் தாக்கியதை இந்தியா தயக்கமின்றிக் கண்டித்தது. ஆனால் நவம்பரில் சோவியத் டாங்குகள் புடாபெஸ்டில் புகுந்து ஹங்கேரி மக்களின் எழுச்சியை நசுக்கியபோது, அந்தக் குரல் தணிந்தது. ஹங்கேரியில் ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் நடத்தக் கோரிய தீர்மானத்தை, சோவியத் அணியுடன் சேர்ந்து எதிர்த்து வாக்களித்தது இந்தியா. ஜெயப்பிரகாஷ் நாராயண் உள்ளிட்டோர் இந்த இரட்டை அளவுகோலை வெளிப்படையாகச் சாடினர். அயல்நாட்டுத் தேர்தலில் ஐ.நா. தலையிடும் முன்னுதாரணம் நாளை காஷ்மீருக்கும் பொருந்திவிடும் என்ற அச்சம் இதன் பின்னணியில் இருந்தது. எனினும், நடுநிலை நாடு என்ற மதிப்பில் விழுந்த கீறலை அந்த விளக்கம் போக்கவில்லை.

அடுத்த இரு மாதங்களில் காஷ்மீர் பிரச்சினையே பாதுகாப்பு சபைக்கு வந்தது. 1957 ஜனவரி 23, 24 தேதிகளில் சுமார் எட்டு மணி நேரம் பேசி இந்தியாவின் நிலையை எடுத்துரைத்த மேனன், உடல் தளர்ந்து மயங்கி விழுந்தார். பிப்ரவரியில் இந்தியாவுக்குப் பாதகமான தீர்மானத்தை சோவியத் யூனியன் தனது ரத்து அதிகாரத்தால் தடுத்தது. மாஸ்கோவின் நட்பு எதற்குப் பயன்படும் என்பதை தில்லி அன்று கண்கூடாகக் கண்டது.

பாதுகாப்பு அமைச்சர்: 1957 தேர்தலில் மும்பையிலிருந்து மக்களவைக்கு வந்த மேனன், பாதுகாப்பு அமைச்சரானார். ஆயுதங்களுக்கு வல்லரசுகளிடம் கையேந்தும் நாடு தன் கொள்கையைக் காக்க முடியாது என்பது அவரது உறுதியான நம்பிக்கை. பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு அமைப்பு 1958-ல் உருவானது. ஆவடியில் டாங்கு தொழிற்சாலைக்கு அடித்தளமிடப்பட்டதும், சோவியத் மிக்-21 விமானங்களை வாங்க முடிவானதும் அவர் காலத்தில்தான். ஆனால் தளபதிகளுடனான உறவு கசந்தது. 1959-ல் ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த அதே திம்மய்யா ராஜிநாமா கடிதம் கொடுக்கும் அளவுக்கு மோதல் முற்றியது. நேருவின் வற்புறுத்தலால் அவர் அதைத் திரும்பப் பெற்றார்.

1961 டிசம்பரில் கோவா விடுவிக்கப்பட்டபோது மேனனின் செல்வாக்கு உச்சத்தில் இருந்தது. பாதுகாப்பு சபையில் மேற்கத்திய நாடுகளின் கண்டனத்தை மீண்டும் சோவியத் ரத்து அதிகாரமே தடுத்தது. 1962 தேர்தலில் ஆச்சார்ய கிருபளானியை வடக்கு மும்பையில் பெரும் வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

எட்டே மாதங்களில் எல்லாம் மாறியது. அக்டோபர் 20-ல் சீனப் படைகள் லடாக்கிலும் வடகிழக்கு எல்லையிலும் தாக்கின. பாகிஸ்தானே ஆபத்து, சீனா போருக்கு வராது என்று நம்பியிருந்த கணிப்பு பொய்த்தது. குளிர் உடையும் நவீன ஆயுதமும் இன்றி வீரர்கள் மலைகளில் நின்றனர். அதே வாரத்தில் கியூபா ஏவுகணை நெருக்கடியில் அமெரிக்காவுடன் மோதும் நிலையில் இருந்த மாஸ்கோ, சீனாவின் பக்கம் சாய்ந்து, அதன் யோசனைகளை ஏற்குமாறு இந்தியாவுக்கு அறிவுரை கூறியது. ஐ.நா.வில் மேனன் ஓயாமல் விமர்சித்த அமெரிக்காவிடமிருந்தே நவம்பர் தொடக்கத்தில் ஆயுதங்கள் வந்திறங்கின.

காங்கிரஸ் எம்.பி.க்களே அவரது விலகலைக் கோரினர். அக்டோபர் 31-ல் பாதுகாப்புத் துறையை நேரு தாமே ஏற்றார். ஒரு வாரத்தில் மேனன் அமைச்சரவையிலிருந்தே வெளியேறினார்.

தோல்வியின் சுமை: 1967-ல் காங்கிரஸ் வாய்ப்பு மறுத்தது, சுயேச்சையாக நின்று மும்பையில் தோற்றார். பின்னர் இடதுசாரிகளின் ஆதரவுடன் 1969-ல் மேற்கு வங்கத்தின் மிதுனாபூரிலும் 1971-ல் திருவனந்தபுரத்திலும் வென்று மக்களவைக்குத் திரும்பினார். உறுப்பினராக இருந்தபோதே 1974 அக்டோபர் 6-ல் தில்லியில் காலமானார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை.

1962 தோல்விக்கு மேனன் மட்டுமே காரணமா என்பது இன்றும் ஓயாத விவாதம். எல்லைக் கொள்கையை வகுத்ததில் நேருவுக்கும் அமைச்சரவைக்கும் பங்கு உண்டு. களத்தில் தளபதிகளின் தவறுகளும் உண்டு. 1963-ல் அளிக்கப்பட்ட ஹென்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை எந்த அரசும் அதிகாரபூர்வமாக முழுமையாக வெளியிடாததால், பழி ஒருவர் மீதே தங்கிவிட்டது. அதற்காக அவரது தவறுகள் இல்லாமல் போவதில்லை. எந்த முகாமிலும் சேராத நாட்டுக்குப் பிறரைவிடக் கூடுதலான தற்காப்பு வலிமை தேவை என்பதை உணர்ந்து ஆலைகளைத் தொடங்கியவர் அவர். அந்த ஆலைகள் பலன் தரும் வரை எதிரி காத்திருப்பான் என்று நம்பியதே அவர் செய்த பெரும் பிழை.