களத்தில் வென்றவர், ஓவியத்தில் கைகூப்பி நின்றவர்: மாமன்னர் ராஜராஜ சோழர்

அம்பாங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் தஞ்சைக்குச் செல்லும் தமிழர்கள், பெரிய கோயில் விமானத்தை அண்ணாந்து பார்த்து வியந்து திரும்புவார்கள். கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட நடைவழியில் ஆயிரம் ஆண்டுப் பழமையான ஓவியங்கள் இருப்பது பலருக்குத் தெரியாது. கோயிலைக் கட்டிய ராஜராஜ சோழரின் மனத்தை அறிய அவையே நல்ல சான்று.

சுந்தர சோழருக்கும் வானவன் மாதேவிக்கும் பிறந்தவர் அவர். இயற்பெயர் அருள்மொழிவர்மன். அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையுண்ட பின்னும் அரியணை உடனே கிட்டவில்லை. உத்தம சோழர் ஆண்டு முடிக்கும் வரை பொறுத்திருந்து, 985-ல் முடிசூடினார். காந்தளூர்ச் சாலை, பாண்டிய நாடு, ஈழம் என வெற்றிகள் தொடர்ந்தன. அவற்றைக் கல்வெட்டுகளில் வரிசையாகப் பொறிக்கவும் செய்தார்.

1010-ல் பெரிய கோயில் நிறைவுற்றது. அதன் உட்சுவரில் ஒரு மாபெரும் போர்க்காட்சி தீட்டப்பட்டது. ஆனால், அது மன்னரின் போர் அன்று. பிரம்மன் தேரோட்ட, வில்லேந்திய சிவபெருமான் முப்புரத்து அசுரர்களை எதிர்க்கும் காட்சி அது. மயில்மீது முருகனும் சிங்கத்தின்மீது துர்க்கையும் உடன் வருகிறார்கள். மற்றொரு சுவரில் தில்லைக் கூத்தனை ஓர் அரசர் தேவியருடன் வணங்குகிறார். அவரே ராஜராஜர் என்பர் அறிஞர்.

ரோம் நகரின் வத்திக்கான் அரண்மனையிலும் புகழ்பெற்ற போர் ஓவியம் ஒன்று உண்டு. 312-ல் மில்வியன் பாலத்தருகே வென்று, கிறிஸ்துவ சமயம் தழைக்க வழிவிட்ட பேரரசர் கான்ஸ்டன்டைனின் வெற்றி அது. ஓவியர் ரபேல் 1520-ல் மறைந்ததும், அவருடைய மாணவர்கள் வரைந்து முடித்தனர். அங்கே பேரரசர் குதிரைமீது நடுநாயகமாக இருக்கிறார். தஞ்சையிலோ நடுவில் இருப்பவர் இறைவன். அரசர் வெறும் அடியவர்.

சைவத்தை இவ்வளவு போற்றியவர் பிற சமயத்தைத் தள்ளவில்லை. இன்றைய கெடாவான கடாரத்தை ஆண்ட மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் எனும் ஊரையே தானமாக அளித்தார். அதே கடாரத்தின்மீது அவர் மகன் ராஜேந்திரர் 1025-ல் படையெடுத்தது வேறு கதை.

1014-ல் ராஜராஜரின் ஆட்சி முடிந்தது. பின்னாளில் நாயக்கர் கால ஓவியங்கள் மேலே பூசப்பட, சோழர் ஓவியங்கள் மறைந்துபோயின. 1931-ல் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி அவற்றைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். பல நூற்றாண்டுகள் சாந்துக்குள் மூடிக்கிடந்தபோதும், கைகூப்பிய அந்த அரசர் மறுபடி வெளிச்சத்துக்கு வந்துவிட்டார்.