மாயாபஜாரின் மாயக்காரர்

கடோத்கஜன் ஒற்றை ஆளாகக் கல்யாண விருந்தை விழுங்கும் பாடலை அறியாத தமிழர் நம் நாட்டில் அரிது. பத்துமலையில் வளர்ந்த எனக்குத் தமிழ்ப்பள்ளிக் காலத்திலேயே அது மனப்பாடம். நடித்தவர் எஸ்.வி. ரங்காராவ் என்பதும் தெரியும். ஆனால், அந்த லட்டுகளைப் பறக்கவிட்ட ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லியின் பெயரைப் பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகே அறிந்தேன்.

1917-இல் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் பிறந்த பார்ட்லி, பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்து திரையுலகுக்கு வந்தவர். 1945-இல் பி.என். ரெட்டியின் 'சொர்க்கசீமா', 1951-இல் 'பாதாள பைரவி' ஆகிய படங்கள் அவரை உயர்த்தின. 1957-இல் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்த 'மாயாபஜார்' அவர் திறமைக்கு உச்சம் எனலாம்.

அப்படத்தில் நாம் காணும் துவாரகை நகரம் உண்மையில் 50 அடிக்கு 60 அடி இடத்தில் அடங்கியது. ஏறக்குறைய 300 குட்டி வீடுகள், அவற்றுக்கு மின்விளக்குகள். கலை இயக்குநர்கள் கோகலேயும் கலாதரும் அமைத்ததை, மாநகரமாக நம்பவைத்தது பார்ட்லியின் கேமரா.

இது எப்படிச் சாத்தியம்? நம் கண் ஒரு பொருளின் அளவை அதன் அக்கம்பக்கத்தை வைத்தே கணிக்கிறது. பத்துமலை முருகன் சிலை 140 அடி உயரம். 272 படிகளையும் பக்தர்களையும் விலக்கிவிட்டுப் படமெடுத்தால், அது மேசைமேல் வைக்கும் சிலையாகவும் தோன்றக்கூடும். மாதிரியுருவைப் படமெடுப்போர் இதையே தலைகீழாகச் செய்கின்றனர். கேமராவைத் தாழ்த்தி, லென்சின் துவாரத்தைச் சுருக்கி, அருகும் தொலைவும் தெளிவாகத் தெரியுமாறு ஒளியைக் கூட்டுவர். நீரோ வெடிப்போ இருந்தால் வேகமாகப் பதிவு செய்வர். பதினாறில் ஒரு பங்கு மாதிரியுருவுக்கு வினாடிக்கு 24 படங்கள் போதா, 96 வேண்டும். 1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' விண்கலங்கள் வெடித்துச் சிதறியதும் இந்த உத்தியால்தான்.

பார்ட்லி மாயாஜாலத்தோடு நின்றுவிடவில்லை. அவர் ஒளிப்பதிவு செய்த 'செம்மீன்' 1965-ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான குடியரசுத் தலைவர் தங்கப் பதக்கத்தைப் பெற்றது. 'சாந்தி நிலையம்' அவருக்கே தேசிய விருதைத் தந்தது. 1993-இல் அவர் மறைந்தார்.

கணினி இல்லை, கருவி இல்லை என்று நம் மாணவர்கள் குறும்பட முயற்சியைத் தள்ளிப்போடுவதைப் பார்க்கிறேன். பார்ட்லியிடம் இருந்தவை விளக்கும் கேமராவும் அளவறிந்த கண்ணும்தான். வித்தை வெற்றி பெறும்போது வித்தைக்காரர் மறக்கப்படுகிறார். அடுத்த முறை 'மாயாபஜார்' பார்க்கும்போது, எழுத்தோட்டத்தில் அவர் பெயரையும் தேடிப் படியுங்கள், நண்பர்களே. அதுவே நாம் செய்யும் நன்றி.