ஒளியிழந்து உலகளந்தவர்

காட்சி என்னுஞ் சொல்லைக் கண்ணோடு மாத்திரம் சேர்த்தெண்ணுதல் உலகியல்பு. மலையும் கடலும் விழியுடையார்க்கே உரியன, பொறி குறைந்தார்க்கு வீட்டு மூலையே உரியது என மக்கள் நெடுங்காலம் கருதிவந்தனர். இக்கருத்தைத் தம் வாழ்க்கையாற் பொய்யாக்கியவர் ஆங்கிலேயராகிய ஜேம்ஸ் ஹோல்மன். விழியற்ற பயணி என்னும் பெயரால் அவர் தம் காலத்திலே பெரும்புகழ் பெற்றிருந்தார். நமது இலங்கைத் தீவும் அவரடி பட்ட நாடுகளுள் ஒன்றாகும்.

ஹோல்மன் 1786ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாள் எக்சிற்றர் நகரிலே மருந்து வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பன்னிரண்டாம் வயதிற் கடற்படை புகுந்து, 1807இல் லெப்டினன்ட் பதவி எய்தினார். வட அமெரிக்கக் கரையோரக் குளிர்க்கடலிற் பணியாற்றுங்கால் மூட்டுநோய் அவரைப் பற்றியது. நோய் தீர்க்கத் தாய்நாடு மீண்டவரை அதனினுங் கொடிய இடர் எதிர்கொண்டது. இருபத்தைந்தாம் வயதிலே இரு கண்களும் முற்றாக ஒளியிழந்தன.

1812இல் வின்சரிலே, கடற்படை அலுவலர் சிலர்க்கென அமைந்த அறநிலையத்தில் அவருக்கு இடங் கிடைத்தது. உறையுளும் உதவிப்பணமும் உண்டு. நாடோறும் தேவாலய வழிபாட்டிற் கலந்துகொள்வதே கடமை. பிறர்க்கு அடைக்கலமாகத் தோன்றிய அவ்விடம் அவர்க்குச் சிறையாயிற்று. ஓய்ந்திருக்க ஓய்ந்திருக்க உடல் மேலும் நலிந்தது. பயணமே மருந்தென மருத்துவர் கூறினர். ஆயினும் விடுப்புப் பெறுதற்கு அவர் வாழ்நாளிற் பலகால் போராட வேண்டியிருந்தது.

1819இல் அவர் பிரான்சுக்குப் புறப்பட்டார். அந்நாட்டு மொழியை அறியார், துணையாளும் இலர். வண்டியிற் கட்டிய கயிறொன்றைக் கையிற் பற்றிக்கொண்டு, அதன் பின்னே நெடுந்தூரம் நடந்து உடலுரம் பெற்றார். இத்தாலியிலே செவிப்புலன் குன்றிய பழைய நண்பரொருவர் அவருடன் சேர்ந்துகொண்டார். ஒருவர்க்கு மற்றவர் கண்ணானார். மற்றவர்க்கு இவர் செவியானார். 1821இல் வெசூவியசு எரிமலையிலும் ஏறினார்.

அவருடைய கருவிகள் மிக எளியன. இரும்புப் பூண் கட்டிய கைத்தடியைத் தரையிலே தட்டுவார். திரும்பி வரும் ஓசையால் சுவரும் வெளியும் அறிவார். எழுதுதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். அதன் குறுக்கே கட்டிய கம்பிகள் வரி பிறழாமல் கையை நடத்தும். மைத்தாளின் மீது முள்ளால் அழுத்த, கீழுள்ள தாளில் எழுத்துப் பதியும். பிரெயில் முறை 1829இலேயே முதன்முதல் நூல்வடிவிற் பதிக்கப்பட்டது என்பதை நினைத்தால், இச்சிறு சட்டத்தின் அருமை விளங்கும்.

1822இல் உருசியா வழியே உலகைச் சுற்ற முனைந்து, சைபீரியாவின் இர்க்குற்ஸ்க் நகர் வரை சென்றார். ஒற்றனென ஐயுற்ற சார் மன்னனின் அரசு அவரைப் பிடித்து எல்லைக்கப்பால் அனுப்பிவிட்டது. அதனாலும் அவர் மனந் தளரவில்லை. 1827இல் மீண்டும் புறப்பட்டு, 1832 வரை கடல்வழியே உலகை வலம்வந்தார்.

வெப்பமண்டலத் தீவுகள் அவரை வரவேற்றது இப்பயணத்திலேதான். ஆபிரிக்காவின் மேற்கிலுள்ள பெர்னாண்டோ போ தீவிற் காய்ச்சலாற் பலர் மாண்டனர், அவர் பிழைத்தார். மொரீசியசு, சான்சிபார், சீசெல்ஸ் ஆகியவற்றைக் கடந்து இலங்கை வந்தார். இங்கே யானை வேட்டைக்குச் சென்றோருடனும் காடு புகுந்தார். பின்னர் இந்தியா, சீனம், அவுஸ்திரேலியா என அவர் பயணம் நீண்டது.

குருடர் எழுதும் பயண நூலுக்கு என்ன மதிப்பு என்று ஏளனஞ் செய்தோரும் இருந்தனர். கண்ணுடையார் ஒரு நோக்கோடு அமைவர். தாமோ அந்நோக்கில்லாமையால் மேலும் மேலும் வினவித் துருவி அறிவதாக அவர் விடை பகர்ந்தார். அவ்விடை வெறும் வீம்பன்று. கீலிங் தீவுகளில் ஓராண்டு வாழ்ந்த ஒருவரின் செய்தி அவர் நூலில் இடம்பெற்றது: அலைகள் தொலைநாட்டு விதைகளை அங்கே கொணர்ந்து ஒதுக்குகின்றன என்பதே அது. டார்வின் தமது பயண நூலிலே அச்செய்தியை ஹோல்மனின் நூலைச் சுட்டி எடுத்தாண்டார். 1826இலேயே அரச கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றிருந்தது. உலகப் பயண வரலாறு 1834, 1835ஆம் ஆண்டுகளில் நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. முதுமையிலும் பயணத்தை விடாத அவர், 1857 யூலையில் இலண்டனிற் காலமானார்.

உடற்குறை உடையோரின் உரிமைகள் பற்றி 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற உடன்படிக்கை, சுற்றுலாவையும் அவர்தம் உரிமைகளுள் ஒன்றாக உரைக்கின்றது. இலங்கை 2016இல் அதனை ஏற்புறுதி செய்தது. ஹோல்மன் பிறரிடம் வேண்டியது இரக்கமன்று. பற்றிக்கொள்ள ஒரு கயிறு, கையை நடத்தச் சில கம்பிகள், வினவினால் விடை கூறும் ஒரு நண்பர்: இவ்வளவே அவர்க்குப் போதுமாயின. படியருகே ஒரு சாய்தளமும், கடற்கரை மணலிலே உருளைநாற்காலி செல்லத்தக்க ஒரு பாதையும் இன்றைய பயணிக்கு அக்கயிறு போன்றவையே. அவற்றை அமைத்தல் தீவுகளில் வாழும் நம்மனோர் கடன்.