நாட்டியமும் தேகப் பயிற்சியும்

குற்றாலத்துச் சித்திர சபையில் சித்திர வடிவாய் ஆடும் பெருமானைத் தரிசிப்போர், நாட்டியம் தெய்வத்திற்குரியது என்று எளிதில் உணர்வர். அது தேக உழைப்பின் பயன் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். இவ்வுண்மைக்கு ஸ்ரீமதி ருக்மிணி தேவியின் வாழ்க்கையே சான்று.

1904-ல் மதுரையில் பிறந்த அவர், ருஷ்ய நர்த்தகி அன்னா பாவ்லோவாவின் குழுவினரான கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். தாய்நாட்டுக் கலையை நாடும்படி பாவ்லோவாவே அவரைத் தூண்டினார். பின்னர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிட்சை பெற்றார். உடல் வளையும் பிள்ளைப் பருவத்தில் அடவு தொடங்குவதே மரபு. அவரோ முப்பதை ஒட்டிய வயதில் அரைமண்டியில் அமர்ந்தார். இடைவிடாத சாதகத்தால் 1935 டிசம்பரில் அடையாற்றில் மேடையேறினார். 1936-ல் அவர் நிறுவிய கலைக்கழகமே பின்னர் கலாக்ஷேத்திரமாயிற்று.

தென்காசியை அடுத்த மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை அவர் 1944-ல் நாட்டிய நாடகமாக்கினார். அதில் வசந்தவல்லி பந்தாடும் துள்ளலை ஆடிக் காட்ட முகபாவம் மட்டும் போதாது. காலும் மூச்சும் தளராதிருக்க வேண்டும். 1986-ல் அவர் மறைந்தார்.

குறவஞ்சி பிறந்த இவ்வட்டாரத்தில் நாட்டியம் கற்பிப்போருக்கு நாம் கூறுவது இதுவே: குழந்தைகளை மேடையேற்ற அவசரப்பட வேண்டாம், முதலில் அவர்கள் தேகத்தைப் பக்குவப்படுத்துங்கள்.