டைப்ரைட்டர் மெக்கானிக் விற்ற கம்ப்யூட்டர்

கமடோர் 64 என்ற பழைய கம்ப்யூட்டரை யூடியூபில் எங்கேயாவது பார்த்திருப்பீங்க. அந்தக் கம்பெனியை ஆரம்பித்த ஜாக் டிராமியல் எஞ்சினியரே கிடையாது. டைப்ரைட்டர் ரிப்பேர் செய்தவர்.

1928-ல் போலந்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். நாஜி படை வந்தபோது வயது 10. முதலில் கெட்டோ, பிறகு ஆஷ்விட்ஸ், அங்கிருந்து ஹனோவர் பக்கத்தில் ஒரு வேலை முகாம். அப்பா அங்கேயே இறந்துபோனார். 1945 ஏப்ரலில் அமெரிக்க ராணுவம் வந்து மகனை மீட்டது. 1947-ல் அமெரிக்கா போனவர் அதே ராணுவத்தில் சேர்ந்தார். டைப்ரைட்டர் ரிப்பேர் கற்றதும் அங்கேதான். அப்புறம் நியூயார்க்கில் கடை, டொரொண்டோவில் கமடோர், கால்குலேட்டர் வியாபாரம்.

கால்குலேட்டரில் செம அடி. சிப் கொடுத்துக்கொண்டிருந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸே களத்தில் இறங்கி மலிவாக விற்க ஆரம்பித்துவிட்டது. அதனால் 1976-ல் மாஸ் டெக்னாலஜி என்ற சிப் கம்பெனியையே வாங்கிட்டார். 6502 ப்ராசஸரும் அதை உருவாக்கிய சக் பெடிலும் கூடவே வந்தாங்க. 1977-ல் பெட் 2001 ரெடி.

திரை, கேசட் டிரைவ், கீபோர்டு எல்லாம் ஒரே பெட்டியில். விலை 795 டாலர். ஆனா கீபோர்டு? கால்குலேட்டர் பட்டன் சைஸில் குட்டிக் குட்டி சதுரங்கள். டைப்ரைட்டரில் ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் தள்ளி இருக்கும் இல்லையா, இதில் செஸ் போர்டு மாதிரி நேர்க்கோட்டில். எண்கள் மேல் வரிசையில் இல்லை, வலது பக்கம் தனிக் கட்டமாக. பத்து விரலையும் வைத்து டைப் பண்ணவே முடியாது. வாழ்க்கையில் பாதி நாள் டைப்ரைட்டரோடு இருந்தவர் இதை எப்படி ஓகே பண்ணினார்! விலைக்காகத்தான் என்பது என் கணிப்பு. வாங்கியவர்கள் திட்டித் தீர்த்தார்கள். சரியான சைஸ் கீபோர்டை வெளியிலிருந்து வாங்கி மாட்டியவர்களும் உண்டு.

1979-ல் மாற்றினார்கள். பட்டனை மட்டும் பெரிதாக்க முடியாது, பக்கத்திலேயே கேசட் டிரைவ் உட்கார்ந்திருந்ததே. அதைப் பெட்டிக்கு வெளியே எடுத்துவிட்டு, கிடைத்த இடத்தில் முழு சைஸ் கீபோர்டை வைத்தார்கள். ஆபீஸ் ஆட்களுக்கு டைப்ரைட்டர் மாதிரியே வரிசை தள்ளிய, எண்கள் மேலே இருக்கும் இன்னொரு மாடலும் வந்தது.

அதற்குப் பிறகு வந்த விக்-20 விலை 300 டாலர்தான், அதிலும் முழு கீபோர்டு. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1982-ல் வந்த கமடோர் 64-க்கும் கிட்டத்தட்ட அதே கீபோர்டுதான். 1984-ல் போர்டோடு சண்டை போட்டு வெளியேறி, அதே வருஷம் அடாரியின் ஹோம் கம்ப்யூட்டர் பிரிவை வாங்கினார். 2012-ல் 83 வயதில் காலமானார்.