பர்வீன் பாபி: பயமும் தனிமையும் சேர்ந்தால் மூளை என்ன ஆகும்?

'தீவார்', 'அமர் அக்பர் ஆண்டனி' பார்த்திருந்தால் பர்வீன் பாபியை உங்களுக்குத் தெரியும். குஜராத்தின் ஜுனாகத்தில் பிறந்த ஒரே பிள்ளை. சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அகமதாபாத்தில் படித்துவிட்டு 1973-ல் சினிமாவுக்கு வந்தார். 1976-ல் 'டைம்' இதழின் அட்டையில் அவர் படம். மூன்றே வருஷத்தில்!

உச்சத்தில் இருக்கும்போதே பயம் பிடித்துக்கொண்டது. தன்னை யாரோ கொல்லப் பார்ப்பதாக நம்பினார். அது ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் என்று, அவருடன் வாழ்ந்த இயக்குநர் மகேஷ் பட் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். பர்வீன் அதை ஏற்கவே இல்லை. 1983-ல் சினிமாவை விட்டு வெளிநாடு போனவர், 1989-ல் மும்பை திரும்பினார். கூட நடித்த பெரிய நடிகர் முதல் அமெரிக்க அரசு வரை குற்றம்சாட்டினார். ஆதாரம் இல்லையென்று நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. பத்திரிகைகளுக்கோ அது நல்ல தீனி.

எல்லாரையும் அவரே விரட்டிவிட்டார் என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. சந்தேகம் அந்த நோயின் அறிகுறி. வருகிறவர் கொல்ல வருகிறாரோ என்று நடுங்குகிறவர் கதவைத் திறப்பாரா? திறக்காத வீட்டுக்கு மறுபடி யார் போவார்கள்?

அடுத்து நடப்பதுதான் மோசம். தனிமையை வருஷக்கணக்காக ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் கசியப்போ காட்டியது இது: தனித்து விடப்பட்டதாக உணரும் மூளை காவல்காரன் மாதிரி ஆகிவிடும். எங்கே ஆபத்து என்றே தேடும். அடுத்தவர் பேச்சிலும் பார்வையிலும் பகையை மோப்பம் பிடிக்கும். தூக்கமும் துண்டு துண்டாகும். நோயில்லாத உங்களுக்கும் எனக்குமே இந்தக் கதி. ஏற்கனவே பயந்துபோன மூளைக்கு? அப்படியெல்லாம் இல்லம்மா, அது வெறும் காற்றுச் சத்தம் என்று சொல்லப் பக்கத்தில் ஆளில்லை. பயம் தனிமையைக் கொண்டுவரும். தனிமை பயத்தை வளர்க்கும். மருந்தோடு, நாள்தோறும் பேசிப் பழகும் மனிதர்களும் சிகிச்சையில் சேர்த்தி என்று மனநல மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

ஜூஹு, ஆள் நடமாட்டம் குறைந்த இடமே இல்லை. அங்கே தன் ஃபிளாட்டில் தனியாக இருந்தார். சர்க்கரை நோய், காலில் அழுகல், கட்டில் பக்கத்தில் சக்கர நாற்காலி. 2005 ஜனவரியில் வாசலில் போட்ட பாலும் செய்தித்தாளும் மூன்று நாளாக எடுக்கப்படவில்லை. குடியிருப்பு சங்கத்தினர் போலீஸுக்குச் சொன்னார்கள். ஜனவரி 22-ம் தேதி கதவு திறக்கப்பட்டது. அவர் இறந்து இரண்டு நாளாவது ஆகியிருக்கும் என்றார்கள். சதி எதுவும் இல்லை என்றது போலீஸ். உறவினர்கள் வந்து, சாந்தாகுரூஸில் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.